ஒதுக்கி வைத்த படங்களைத் திரும்ப எடுங்கள்

கேள்வி: ஏழு ஆண்டுகளாகப் படம் எடுக்கிறேன். பிழைப்புக்கு வேறு வேலை, ஓய்வு நாட்களில் கேமராவோடு கிளம்பிவிடுவேன். எக்ஸ்போஷர், கம்போசிஷன், எடிட்டிங் எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. இரண்டு போட்டிகளில் பரிசும் வாங்கியிருக்கிறேன். சமீபத்தில் என் படங்களில் சிறந்த முப்பதை ஒரு மூத்த கலைஞரிடம் காட்டினேன். “எல்லாமே நல்லா இருக்கு. ஆனா முப்பது பேர் எடுத்த மாதிரி இருக்கு” என்றார். அதற்குப் பிறகு கேமராவைத் தொடவே மனம் வரவில்லை. எனக்கென்று ஒரு பார்வை வர என்ன செய்ய வேண்டும்? கருப்பு வெள்ளைக்கு மாறலாமா? எல்லாப் படங்களுக்கும் ஒரே பிரிசெட் (நிறத்தையும் ஒளியையும் ஒரே அழுத்தில் மாற்றும் தயார் அமைப்பு) போட்டால் ஒரு அடையாளம் வருமா? பெரிய கலைஞர்களின் படங்களை நிறையப் பார்க்கிறேன், அவர்களின் சாயல் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் இருக்கிறது. அல்லது இதெல்லாம் பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்ப்பதா?

பதில்: அந்த மூத்த கலைஞர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். ஆனால் அவர் சொன்னதை நீங்கள் கொஞ்சம் பெரிதாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. உங்களுக்குப் பார்வையே இல்லை என்று அவர் சொல்லவில்லையே. காட்டிய முப்பதில் அது தெரியவில்லை என்றார், அவ்வளவுதான்.

சரி, அந்த முப்பதை எதை வைத்துப் பொறுக்கினீர்கள்? கடிதத்தில் அது இல்லை. ஆனால் ஊகிக்க முடிகிறது. பரிசு வாங்கிய இரண்டும் கட்டாயம் உள்ளே இருந்திருக்கும். அப்புறம் அதிக லைக் விழுந்தவை, நண்பர்கள் “செம” என்று எழுதியவை, எங்கோ பார்த்த ஒரு நல்ல படத்தைப் போலவே கச்சிதமாக அமைந்துவிட்டவை. அப்படியென்றால் அந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் போட்டி நடுவர்களும் நண்பர்களும் முகம் தெரியாத ஆயிரம் பேரும்தான். பலர் சேர்ந்து தேர்ந்தெடுத்த தொகுப்பு பலர் எடுத்த மாதிரி இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மற்றவர்களின் தொகுப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் தொழிலில் ஒரு பகுதி. அதில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒருவர் பெருமையோடு எடுத்து நீட்டும் படங்களில் அவர் பெரும்பாலும் இருப்பதில்லை. “இதெல்லாம் சும்மா எடுத்தது, வேஸ்ட்” என்று சொல்லி வேகமாகத் தள்ளிவிடும் படங்களில்தான் இருக்கிறார். பறவைகளைப் படமெடுக்கும் ஒருவரின் ஃபோல்டர்களைப் பார்த்தேன். பறவைகள் எல்லாம் கூர்மை, சுத்தம், பின்னணி மங்கல். எந்தப் பத்திரிகையும் வாங்கிப் போடும். ஆனால் ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் பறவை பறந்துபோன பிறகு எடுத்த ஒன்றிரண்டு ஃபிரேம்கள் இருந்தன. ஆடிக்கொண்டிருக்கும் கிளை, கீழே விழுந்துகொண்டிருக்கும் ஓர் இலை, வட்டம் வட்டமாக விரியும் தண்ணீர். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை, விரல் அழுத்திவிட்டது என்றார். பறவை போன பிறகும் ஷட்டரை அழுத்த வைத்தது எதுவோ, அதைத்தான் நான் அவருடைய பார்வை என்பேன். போட்டிக்கு அனுப்பிய படங்களில் அது ஒன்றில்கூட இல்லை.

ஆகவே நான் சொல்லும் முதல் வேலைக்குக் கேமரா வேண்டாம். மனம் வரவில்லை என்கிறீர்கள், ரொம்ப நல்லது, அது பையிலேயே இருக்கட்டும். ஏழு ஆண்டுப் படங்களையும் திறந்து உட்காருங்கள். தேர்ந்தெடுத்தவற்றை விட்டுவிடுங்கள், ஒதுக்கியவற்றை மட்டும் பாருங்கள். நட்சத்திரக் குறி, லைக் எண்ணிக்கை எதுவும் கண்ணில் படாதபடி வைத்துக்கொண்டு பார்ப்பது முக்கியம். எதைப் பார்க்கும்போது உங்களை அறியாமல் அரை நிமிடம் நின்றுவிடுகிறீர்களோ அதைத் தனியே எடுத்து வையுங்கள். ஃபோகஸ் தப்பியிருந்தாலும் பரவாயில்லை, சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. நூறு நூற்றைம்பது சேர்ந்ததும் நாலுக்கு ஆறு அங்குலத்தில் மலிவாகப் பிரிண்ட் போட்டு ஒரு பெரிய மேசையிலோ தரையிலோ பரப்புங்கள். திரையில் ஒரு படத்துக்குப் பின் இன்னொன்றாகத்தான் வரும். தரையில் எல்லாம் சேர்ந்தாற்போலத் தெரியும், கையால் நகர்த்தலாம், இதன் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கலாம். இந்த வேலைக்குத் திரை உதவாது என்பது என் உறுதியான கருத்து. இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, வரட்டும்.

பரப்பிய பிறகு என்ன பார்ப்பது? படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள். மலை, குழந்தை, மழை என்று பிரித்தால் ஒன்றும் பிடிபடாது, இவை எல்லோரிடமும் இருக்கும். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று பாருங்கள். மனிதர்களுக்கு எவ்வளவு அருகில் போயிருக்கிறீர்கள்? முகத்துக்கு நேரே நின்றீர்களா, அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று அவர்கள் பார்ப்பதைப் பார்த்தீர்களா? கதவு, கண்ணாடி, கிளை என்று எதையாவது நடுவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதா? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும்போது உங்கள் விரல் அழுத்துகிறது? ஃபிரேமின் ஓரத்தில் எதை வெட்டிவிடுகிறீர்கள்? எங்கே காலியாக விட்டிருக்கிறீர்கள்? ஒரு நிகழ்ச்சி நடப்பதற்கு முன் எடுக்கிறீர்களா, நடக்கும்போதா, முடிந்த பிறகா? இந்தக் கேள்விகளில் இரண்டு மூன்றுக்காவது, ஐந்தாண்டுக்கு முந்தைய படமும் போன மாதப் படமும் ஒரே பதிலைச் சொல்லும். நீங்கள் திட்டமிடாமல் ஏழு ஆண்டுகளாகச் செய்துகொண்டே வந்த ஒன்று அது. இன்னொருவரிடமிருந்து எடுத்ததாக இருந்திருந்தால் ஃபேஷன் மாறும்போது அதுவும் மாறியிருக்கும்.

இப்படிப் பரப்பிப் பார்ப்பது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 56-இல் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி எடுத்த ஃபிரேம்கள் சுமார் 27,000. அவற்றிலிருந்து ஆயிரத்துக்கு மேல் சோதனைப் பிரிண்ட் போட்டு, வீட்டுச் சுவரில் குத்தியும் தரையில் விரித்தும் மாதக்கணக்கில் கழித்துக்கொண்டே போனார். கடைசியில் ‘தி அமெரிக்கன்ஸ்’ என்ற அவருடைய புத்தகத்தில் வந்தது 83. கொடி, கார், ஜூக்பாக்ஸ் என்று அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும் பொருட்கள் வெளியே திரிந்தபோது கண்ணில் பட்டவைதான். அவற்றை ஒன்றுக்கொன்று பேச வைத்ததில் பெரும்பங்கு வீட்டுக்குள் நடந்த அந்தத் தேர்வுக்கு உண்டு.

இதற்குக் கொஞ்சம் கால இடைவெளியும் தேவை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட், தான் எடுத்த பிலிம் சுருளை உடனே கழுவாமல் ஓராண்டுக்கும் மேலாகப் போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர். எடுத்த நாளின் சந்தோஷம் தேர்வைக் கெடுத்துவிடும் என்பது அவர் வாதம். (1984-இல் அவர் இறந்தபோது கழுவப்படாமல் கிடந்த சுருள்கள் மட்டும் சுமார் 2,500. அந்த அளவுக்கு வேண்டாம்.) வாதம் என்னவோ சரிதான். இருட்டில் எழுந்து மூச்சு வாங்க ஏறி எடுத்த சூரிய உதயத்தை நம்மால் எளிதில் தூக்கிப் போட முடியாது, பட்ட கஷ்டம் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்கு அந்தக் கஷ்டம் தெரியாது, அவர் பார்ப்பது இன்னொரு சூரிய உதயம். உங்கள் பழைய படங்களில் அந்த ஒட்டுதல் இந்நேரம் காய்ந்திருக்கும் என்பதால்தான் அவற்றிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

பார்வை என்பது எடுக்கும் பொருளில் இல்லை என்று சொன்னேன். அதை நம்ப ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஈரக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படக் கலையில் இதைவிடத் தேய்ந்த பொருள் கிடையாது. ஆரம்பக்காரர் எல்லோரும் மழை நாளில் ஒன்று எடுத்திருப்பார்கள், உங்களிடமும் இருக்கும்.

பிராக் நகரத்தின் புகைப்படக் கலைஞர் ஜோசெஃப் சுடெக் புத்தகம் கட்டும் தொழில் படித்தவர். முதல் உலகப் போரில் வலது கை போனது, அதோடு அந்தத் தொழிலும் போனது. ஒற்றைக் கையோடு பெரிய மரக் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு படமெடுக்கப் பழகினார். 1940-இல், நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில், தன் ஸ்டூடியோவின் ஜன்னலை எடுக்கத் தொடங்கி 1954 வரை எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஆவி, பனி, வழியும் துளி. அதற்கு அந்தப்பக்கம் சின்னத் தோட்டத்தில் ஒரு வளைந்த மரம். கருப்பு வெள்ளை. பெரிதாக்காமல் நெகட்டிவ் அளவிலேயே போட்ட பிரிண்ட்கள். பெரும்பாலும் ஆளே இல்லை. வெளியே ஏதோ இருக்கிறது, நாம் உள்ளே இருக்கிறோம், நடுவில் கண்ணாடி. அவ்வளவுதான் விஷயம், அதற்கே பதினான்கு ஆண்டு.

நியூயார்க்கில் சால் லைட்டரும் ஈரக் கண்ணாடியைத்தான் எடுத்தார். 1940-களின் கடைசியிலேயே வண்ணச் சுருளில் எடுக்கத் தொடங்கியவர், அந்த வண்ணப் படங்கள் ஒரு புத்தகமாகப் பரவலாகத் தெரிய வந்தது 2006-இல். தான் குடியிருந்த பகுதியின் தெருக்கள்தான் அவருடைய உலகம். கடையின் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனிதர் பாதி தெரிவார், ஒரு குடையின் சிவப்பு மூலையில் எட்டிப் பார்க்கும், பாதி ஃபிரேம் இருட்டாகவே கிடக்கும். நீண்ட லென்ஸால் எடுத்ததால் தூரங்கள் எல்லாம் சப்பையாகி ஓவியத் தாள் போல ஆகிவிடும். சுடெக்கிடம் கண்ணாடி உலகத்தைத் தள்ளி வைக்கிறது. லைட்டரிடம் அதே கண்ணாடி உலகத்தைக் கொஞ்சம் மறைத்து ஆசை காட்டுகிறது. இருவர் படங்களையும் கலந்து கொட்டினாலும், வண்ணத்தை எடுத்துவிட்டாலும்கூட, எது யாருடையது என்று பிரித்துவிடலாம். அவர்கள் தேடிய பொருள் ஒன்றே. அதற்கு முன் நின்ற மனநிலை வேறு.

பிறவியிலேயே வருவதா என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் வரிசையைத் தொடங்கியபோது சுடெக்குக்கு வயது 44. அதற்கு முன்னால் அவர் விளம்பரப் படங்கள் உட்பட நிறைய எடுத்திருக்கிறார்.

அடுத்து பிரிசெட். இதில் நான் கறாராகத்தான் சொல்வேன்: வேண்டாம். முப்பது பேருக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிட்டால் அவர்கள் ஒருவராகிவிட மாட்டார்கள். நிறமும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடும் பார்வையின் பின்னால் வர வேண்டியவை, முன்னால் நின்று இழுக்க வேண்டியவை இல்லை. 1927 ஏப்ரலில் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே ஏறி நின்றபோது, படம் பதிய அவரிடம் மிச்சம் இருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். வழக்கமான மஞ்சள் ஃபில்டரோடு ஒன்றை எடுத்தார். எடுத்த கையோடு, அந்தப் பாறை தனக்குள் உண்டாக்கிய மிரட்சி அந்தப் படத்தில் வராது, வானம் வெளிறிப் போய்விடும் என்று உணர்ந்தார். கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். நீல வானம் ஏறத்தாழக் கருப்பாக இறங்கியது, பாறை தனியே எழுந்து நின்றது. வேலை நடந்த வரிசையைப் பாருங்கள். என்ன உணர்கிறேன் என்பது முதலில், அதற்கு எந்தக் கருவி என்பது அப்புறம். அந்த ஃபில்டர் அந்தப் பாறைக்காக மாட்டியது. நீங்கள் பிரிசெட் கேட்பது அந்த மூத்த கலைஞருக்காக.

கருப்பு வெள்ளையும் அப்படியே. ஒதுக்கிய படங்களைப் பரப்பிப் பார்க்கும்போது அவற்றில் பாதி நிறத்தால்தான் நிற்கின்றன என்றால் கருப்பு வெள்ளைக்குப் போவது உங்கள் கண்ணை நீங்களே கட்டிக்கொள்வது. நிறம் வெறும் தொந்தரவாகத் தெரிந்தால் தாராளமாகப் போங்கள். கேமராவை மாற்றுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதற்கு என் நன்றி.

பெரியவர்களின் சாயல் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தைத் தூக்கிப் போடுங்கள். ஒட்டட்டும். ஜெர்மனியில் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதி 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகளையும் உலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஒரே மாதிரி எடுத்தார்கள்: மேகம் மூடிய வெளிச்சம், நேர்ப்பார்வை, ஆள் கிடையாது, அழகுபடுத்தல் கிடையாது. 1976 முதல் பெர்ன்ட் டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் கற்பித்தார். இத்தனை இறுக்கமான ஆசிரியரிடம் படித்தவர்கள் எல்லோரும் அவருடைய நகலாகத்தான் வந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அவரிடம் படித்த தாமஸ் ஸ்ட்ரூத் தொடக்கத்தில் ஆள் இல்லாத தெருக்களை நடுவில் நின்று, ஆசிரியரின் விதிப்படியே எடுத்தார். பிறகு அருங்காட்சியகத்தில் ஓவியம் பார்க்கும் கூட்டத்தை எடுப்பதற்கு வந்து சேர்ந்தார். தாமஸ் ரூஃப் அந்த விதிகளை மனித முகத்தின் மேல் போட்டுப் பாஸ்போர்ட் படத்தைச் சுவரளவு ஆக்கினார். காண்டிடா ஹோஃபர் காலியான நூலகங்களுக்குள் போனார். ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி உயரத்திலிருந்து பங்குச் சந்தைகளையும் கூட்டங்களையும் பார்த்தார். விதிகளை முழுசாக வாங்கிக்கொண்டதால்தான் எது தங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஆபத்து எதில் இருக்கிறதென்றால், தினமும் கைபேசியில் இருநூறு பேரின் படங்களை ஆளுக்கு அரை விநாடி பார்ப்பதில். அந்தச் சாயல் யாருடையது என்றே தெரியாமல் ஒட்டும், தெரியாததை உதறவும் முடியாது. எனவே ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் அவர் புத்தகங்களோடு உட்காருங்கள். அவரைப் போலவே எடுத்தும் பாருங்கள். எந்த இடத்தில் உங்களுக்குச் சலிக்கிறது, எந்த இடத்தில் அவர் செய்திருக்க மாட்டார் என்று தெரிந்தும் கை வேறு பக்கம் போகிறது என்பதைக் குறித்து வையுங்கள்.

இதெல்லாம் முடிந்து மறுபடி கேமராவை எடுக்கும்போது பரப்பை நன்றாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஒரு லென்ஸ், நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம், ஆறு மாதம். சுருக்கினால் சலிக்குமே என்பீர்கள். முதல் சில வாரங்கள் கட்டாயம் சலிக்கும், தெரிந்த அழகான படங்கள் எல்லாம் தீர்ந்துபோகும் காலம் அது. தீர்ந்த பிறகு எடுப்பவைதான் நமக்கு வேண்டும். ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980-இலிருந்து உலகத்தின் கடல்களை எடுத்து வருகிறார். பாதி வானம், பாதி தண்ணீர், அடிவானம் சரியாக நடுவில். அடிவானத்தை நடுவில் வைக்காதே என்று எல்லா வகுப்பிலும் முதல் வாரமே சொல்லித் தருவார்கள். இவர் அதையே விதியாக்கிக்கொண்டு பல ஆண்டுகள் எடுத்திருக்கிறார். நகர்த்த ஒன்றும் இல்லாததால் பார்க்கிறவர் மூடுபனியையும் அலையின் நுண்மையையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். உங்களுக்கான விதி எது என்று நான் சொல்ல முடியாது, தரையில் பரப்பிய படங்களைக் கேளுங்கள். முதுகுப் பக்கமிருந்து எடுக்கும் ஆள் நீங்கள் என்று தெரிந்தால், ஆறு மாதமும் முதுகுப் பக்கமிருந்தே எடுங்கள், வேண்டுமென்றே, தெரிந்தே. இதுவரை கை தானாகச் செய்துவந்ததை இனி நீங்கள் செய்ய வேண்டும்.

போட்டிகளை அந்த ஆறு மாதமும் விட்டுவிடுங்கள். நடுவர்கள் ஒரு படத்துக்குச் சில விநாடிகளே செலவிடுவார்கள். பத்துப் படங்கள் சேர்ந்து சொல்லும் விஷயத்துக்கு அங்கே இடம் கிடையாது. பரிசு வாங்கிய இரண்டு படங்களும் நல்ல படங்களாகவே இருக்கலாம், அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை.

பிறகு அதே கலைஞரிடம் திரும்பப் போங்கள். முப்பது வேண்டாம், பன்னிரண்டு பிரிண்ட் போதும். தலைப்பு, விளக்கம், எந்த லென்ஸ் என்பதெல்லாம் தேவையில்லை. மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அவர் எந்த இரண்டு படங்களை அடுத்தடுத்து நகர்த்தி வைக்கிறார் என்று கவனியுங்கள், வாயால் சொல்லும் கருத்தைவிட அது பயன்படும். ஒதுக்கிய படங்களைப் பார்த்து முடித்ததும் எனக்கும் எழுதுங்கள். படங்களை அனுப்புவதானால் எடிட் செய்யாமல், எடுத்த வரிசையிலேயே அனுப்புங்கள்.